பொலித்தீன் பையும் சேமிப்புப் பெட்டியும்



சென்ற இதழில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த வவுனியாச் சகோதரி ஒருவர் கடிதம் போட்டிருந்தார். சான்றிதழ்களையும் குடும்பப் படங்களையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறாராம். தொலைபேசி பழுதானால் என்ன செய்வது, வீட்டிலேயே வைக்கும் சேமிப்புப் பெட்டி ஒன்று வந்திருக்கிறதாமே, அதை வாங்கலாமா என்று கேட்டிருந்தார். ஆம், இல்லை என்று ஒரு வரியில் பதில் எழுத என்னால் முடியவில்லை. 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நானும் அப்படியொரு பெட்டியை வாங்கினேன். அதற்கு முன்னர் ஒரு பெரிய பிழையையும் செய்திருந்தேன்.

பிழையிலிருந்தே தொடங்குகிறேன். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஓர் அக்கா இருக்கிறார். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் பெற்றோருடன் கிளிநொச்சிக்குப் போனவர். அப்போது அவருக்கு 12 வயது. காடு வெட்டி, குடிசை போட்டு, கலியாணம் முடித்து, மூன்று பிள்ளைகளைப் பெற்று 32 வருடங்கள் அங்கே வாழ்ந்தார். 2009இல் மூத்த மகனை இழந்தார். இழந்தார் என்று நான் எழுதுவதை அவர் ஏற்கமாட்டார். மகன் எங்கே என்று தெரியவில்லை என்றுதான் சொல்வார். செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வந்ததும், போக்கிடமில்லாமல் தங்கையின் லயக் காம்பராவுக்கே திரும்பினார். இப்படி மலையிலிருந்து வன்னிக்குப் போய், யுத்தத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மறுபடி மலைக்கு வந்த குடும்பங்கள் எமது பகுதியில் உண்டு. வடக்கின் கணக்கிலும் தோட்டத்தின் கணக்கிலும் சேராமல் இவர்கள் விடுபட்டுப் போவதைப் பற்றி வேறொரு மாதம் எழுத வேண்டும்.

அவர் கொண்டு வந்தது ஒரு பொலித்தீன் பை. கடைசி மாதங்களில் அதை இடுப்பில் கட்டிக்கொண்டே பதுங்கு குழிகளில் இருந்திருக்கிறார். அதற்குள் அடையாள அட்டை, முகாம் அட்டை, செஞ்சிலுவைச் சங்கத்திடம் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி, அவருடைய தாயின் பிரஜாவுரிமைக் கடதாசி, மகன் சாதாரண தரப் பரீட்சைக்கு எடுத்த சிறிய படம் ஒன்று. மகனுடைய வேறு படம் எதுவும் எஞ்சவில்லை.

2016இல் நான் அந்தப் பையிலிருந்த எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தேன். அவருடையதை மட்டுமல்ல, இன்னும் 11 பெண்களுடைய கடதாசிகளையும் படங்களையும் சேர்த்து எடுத்தேன். சிலர் பேசியதை ஒலிப்பதிவும் செய்தேன். பேராதனையில் சமூகவியல் படித்தவளுக்கு வாய்மொழிப் பதிவில் ஓர் ஆசை இருக்கத்தானே செய்யும். "பத்திரமா வச்சிருப்பியா பிள்ளை?" என்று அக்கா கேட்டார். கிளிநொச்சியில் வாழ்ந்த பழக்கத்தில் அவர் என்னை 'மிஸ்' என்று கூப்பிடுவதில்லை. "கணனியில இருக்கு அக்கா, பயப்படாதீங்க" என்றேன்.

மடிக்கணனியில் இடம் போதாமல் போனதும் அனைத்தையும் வெளியே பொருத்தும் வன்தட்டு ஒன்றுக்கு மாற்றிவிட்டு, கணனியில் இருந்ததை அழித்தேன். தட்டை அலுமாரியில் சேலைகளுக்கு நடுவே வைத்தேன். 2021 மழைக்காலத்தில் ஒருநாள் அதைச் செருகியபோது 'டிக், டிக்' என்று சத்தம் மட்டுமே வந்தது. கொழும்புக்கு அனுப்பி, இரண்டு மாதச் சம்பளத்துக்குக் கிட்டிய தொகையைச் செலவழித்தும் பாதி கூட மீளவில்லை. மீளாதவற்றில் அந்தப் பிள்ளையின் படமும் ஒன்று. ஒலிப்பதிவு தந்தவர்களில் ஒரு அம்மா அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். அவருடைய குரல் இனி எங்கும் இல்லை.

அக்காவிடம் உண்மையைச் சொல்லப் போனேன். அசல் படத்தை எடுத்துத் தாருங்கள், மறுபடி ஸ்கேன் செய்கிறேன் என்று கேட்டேன். கூரைத் தகரம் ஒழுகி, அந்தப் படம் பொலித்தீனோடு ஒட்டிப் போயிருந்தது. பிரித்தபோது முகம் பொலித்தீனில் வந்துவிட்டது. படங்களைப் பொலித்தீனில் நேரடியாகச் சுற்றி வைத்திருக்கும் சகோதரிகள் இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டு, எழுந்து போய் அவற்றை நல்ல வெள்ளைத் தாளில் சுற்றி வைத்துவிட்டு வாருங்கள்.

எப்படியோ ஒரு பிரதி கிடைத்தது. காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியபோது, முறைப்பாட்டோடு இணைப்பதற்காக வவுனியாவில் வேலை செய்யும் என் சிநேகிதிக்கு அந்தப் படத்தைத் தொலைபேசியில் அனுப்பியிருந்தேன். அவர் தன் கணனியில் அதை ஒரு கோப்பில் போட்டு வைத்திருந்தார். தொலைபேசியில் அனுப்பியதால் படம் சுருங்கிவிட்டது. முகம் தெரிகிறது, சட்டையிலிருக்கும் பாடசாலைச் சின்னத்தை வாசிக்க முடியாது. நான் பத்திரமாக வைத்தது போயிற்று. யோசிக்காமல் வேறொரு ஊருக்கு அனுப்பியது தப்பியது.

கடதாசியின் அருமையை மலையகத்துப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எமது பாட்டன், பாட்டிமாரிடம் கேட்டது கடதாசியைத்தான். தகப்பன் இங்கே பிறந்தாரா, அதற்கு எழுத்தில் ஆதாரம் உண்டா என்று கேட்டது. அது இல்லாததால் நாடற்றவர் ஆனோம். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்து, 150,000 பேரின் விடயத்தைப் பிறகு பார்க்கலாம் என ஒத்திவைத்தது. கடைசிச் சிக்கல் தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. என் பெரியம்மா எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பல் ஏறி நீலகிரிக்குப் போனவர். கோத்தகிரியிலிருந்து அவர் எழுதிய நீல நிற வான்கடிதங்கள் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இன்றும் இருக்கின்றன.

வடக்கிலிருக்கும் சகோதரிகளுக்கு வேறொரு நினைவு உண்டு. 1981ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. மறுபடி வாங்கக் கூடியவற்றை வாங்கினார்கள். வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளை எங்கே போய் வாங்குவது? 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் ஈழத்துப் பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து எவரும் வாசிக்கும்படி வைத்திருக்கிறது. அந்தப் பெரிய வேலையின் மிகச் சிறிய வடிவத்தை ஒரு வீட்டில் எப்படிச் செய்வது என்பதே இந்த மாதத்தின் கதை.

இனிப் பெட்டிக்கு வருவோம். வலையமைப்புச் சேமிப்புப் பெட்டி என்று இதைச் சொல்லலாம். கடையில் 'நாஸ்' என்று கேட்டால் விளங்கிக்கொள்வார்கள். ஒரு சிறிய ரேடியோ அளவில் இருக்கும். உள்ளே இரண்டோ நான்கோ வன்தட்டுகளைச் செருகலாம். பெரும்பாலும் பெட்டியைத் தனியாகவும் தட்டுகளைத் தனியாகவும்தான் வாங்க வேண்டும். வீட்டு இணைய ரவுட்டரோடு கேபிளால் இணைத்துவிட்டால் வீட்டிலிருக்கும் எல்லாத் தொலைபேசிகளும் கணனியும் அதில் படங்களைப் போடலாம், எடுக்கலாம். இரவில் தொலைபேசியை மின்னேற்றும்போது அன்றைய படங்கள் தாமாகவே பெட்டிக்குப் போய்விடும். வெளி இணையம் இல்லாத நேரத்திலும் வீட்டுக்குள் வேலை செய்யும்.

இது எல்லோருக்கும் தேவையா? தேவையில்லை. கணக்கைப் பாருங்கள். ஒரு தாள் நன்றாக ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ ஒரு மெகாபைற். 12 பெண்களுக்குத் தலா 60 தாள் என்றாலும் 720 மெகாபைற்தான். மிகச் சிறிய பென் டிரைவ் ஒன்றில் அடங்கிவிடும். தொலைபேசிப் படம் ஒன்று இரண்டு முதல் நான்கு மெகாபைற். இடத்தை விழுங்குவது வீடியோ. ஒரு மணித்தியால வீடியோ 6, 7 கிகாபைற் வரை போகும். ஆகவே உங்களிடம் இருப்பது கடதாசிகளும் சில நூறு படங்களும் மட்டும் என்றால் பெட்டி வேண்டாம். வெளியே பொருத்தும் சிறிய வன்தட்டுகள் இரண்டை வாங்கி, ஒன்றை உங்கள் வீட்டிலும் மற்றதை வேறு ஊரிலுள்ள உறவினரிடமும் வையுங்கள். என் வீட்டில் ஐந்து தொலைபேசிகள், தம்பியின் கலியாண வீடியோ, பெரியம்மாவின் கடிதங்கள், பெண்களின் அனுமதியோடு மறுபடி எடுக்கத் தொடங்கியிருக்கும் ஒளிப்பதிவுகள் எல்லாம் இருந்ததால் பெட்டி தேவைப்பட்டது. அதற்கும் தட்டுகளுக்கும் ஆன செலவு, கொழுந்து பறிக்கும் ஒருவரின் பல மாதச் சம்பளம். இரண்டு வருடம் சீட்டுப் பிடித்துத்தான் வாங்கினேன்.

கூகிளில் போட்டால் போதாதா என்று என் தம்பி கேட்டான். முக்கியமான சில கடதாசிகளுக்கு அதுவும் நல்ல இடமே. ஆனால் இலவசமாகக் கிடைப்பது 15 கிகாபைற். படங்களை அளவின்றி இலவசமாக வைக்கும் வசதியை 2021 ஜூன் மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். இரண்டு வருடங்கள் தொடாமல் விட்ட கணக்குகளை அழிக்கும் விதியும் 2023 முதல் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மகன் திறந்து கொடுத்த கணக்கின் கடவுச்சொல் தெரியாமல் நிற்கும் அம்மாமார் எத்தனை பேரைக் கண்டிருக்கிறேன்.

பெட்டியில் இரண்டு தட்டுகள் போட்டால் 'ரெயிட் 1' என்ற முறையில் ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும். ஒரு தட்டு செத்தாலும் மற்றது ஓடிக்கொண்டிருக்கும். புதிய தட்டைச் செருகினால் அதற்கும் எல்லாம் படியும். நல்ல ஏற்பாடு. இதைக் கேட்டதும் இரண்டு பிரதி இருக்கிறதே என்று நினைத்துவிடுவோம். கார்பன் தாள் வைத்து எழுதும் பற்றுச்சீட்டை நினைத்துப் பாருங்கள். மேல் தாளில் 18 கிலோவை 13 என்று எழுதினால் கீழ்த் தாளிலும் 13தான் விழும். பிள்ளை தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டு தட்டிலும் அழியும். வைரஸ் வந்தால் இரண்டிலும் வரும். பெட்டியைத் திருடினால் இரண்டும் போகும். பழைய நிலையைச் சில நாட்களுக்கு நினைவில் வைத்திருக்கும் வசதி பல பெட்டிகளில் உண்டு. அதை இயக்கி வைத்தால் தவறுதலாக அழித்ததை மீட்கலாம். அதுவும் அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது.

இது எமது வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை கப்பம் கோரும் வைரஸால் தாக்கப்பட்டது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. காப்புப் பிரதி இருக்கவில்லையா என்றால், இணைப்பிலேயே இருந்த பிரதியையும் அந்த வைரஸ் பூட்டிவிட்டது. அந்தக் காலத்துக்கு வெளியே எடுத்து வைத்த பிரதி இல்லை. ஒரு நாட்டின் அரசாங்கம் செய்த பிழையும் நான் சேலைகளுக்கு நடுவே செய்த பிழையும் ஒரே மாதிரியானவை.

ஆகவே பெட்டி வாங்கும் முன்னரே மூன்றாவது பிரதி எங்கே இருக்கப் போகிறது என்று முடிவு செய்தேன். மூன்று பிரதி, இரண்டு விதமான சேமிப்பு, அவற்றில் ஒன்று வேறு இடத்தில் என்று இந்தத் துறையினர் ஒரு கணக்குச் சொல்வார்கள். வேறு இடம் என்றால் பக்கத்து லயம் அல்ல. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்கள் வரிசையாகவே புதைந்தன. என் சிநேகிதி வவுனியாவில் இருப்பதால் அவரோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டேன். என்னுடைய தட்டு ஒன்று அவரிடம், அவருடையது ஒன்று என்னிடம். நான்கு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்த தட்டைக் கொடுத்துப் பழையதை வாங்குவோம். தட்டுகள் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டவை. பஸ்ஸில் தொலைந்தாலும் எடுத்தவருக்கு உள்ளே இருப்பது தெரியாது. அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் எமக்கும் தெரியாது என்பதால் அதைத் தாளில் எழுதி, உறையில் ஒட்டி, அம்மாவின் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். குளிரிலிருந்து வெக்கைக்குக் கொண்டு போகும் தட்டில் ஈரம் கட்டும். போய்ச் சேர்ந்ததும் உடனே இயக்காமல் சில மணித்தியாலம் பையிலேயே விட வேண்டும்.

தட்டு தெரிவு செய்வதில்தான் அதிக நேரம் போனது. இங்கே முதலில் நுழைந்த கடையில் இருந்தவர் என்னை ஏறிட்டும் பார்க்காமல், "வீட்டுல கமெரா பூட்டவா மிஸ்? தம்பிய கூட்டிட்டு வாங்க, விளங்கப்படுத்துறேன்" என்றார். கமெராக்களுக்கென்று விற்கும் தட்டையே எனக்கும் காட்டினார். அது ஓயாமல் வீடியோ எழுதுவதற்கென்று செய்யப்பட்டது. மேசைக் கணனிக்கென்று விற்கும் தட்டும் இரவு பகலாக ஓட ஏற்றதல்ல. சேமிப்புப் பெட்டிக்கென்றே வரும் தட்டுகள் தனியாக உண்டு. வெஸ்டேர்ன் டிஜிற்றலின் 'ரெட் பிளஸ்', சீகேற்றின் 'அயன்வுல்ப்' ஆகியவை எமது நாட்டிலும் பெறக்கூடியவை.

இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தட்டில் எழுதும் தடங்களைக் கூரைத் தகரம் போல ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து, குறைந்த இடத்தில் அதிகம் எழுதும் முறை ஒன்று உண்டு. அதை 'எஸ்.எம்.ஆர்.' என்பார்கள். ஒரு தகரத்தை மாற்ற வேண்டுமானால் அதன்மேல் படிந்திருப்பதையும் தூக்க வேண்டும் அல்லவா? அதுபோல மாற்றி எழுதுவது மெதுவாகும். செத்த தட்டுக்குப் பதில் புதியதைப் போடும்போது நாட்கணக்கில் இழுபடலாம், சில வேளை இடையில் நின்றும் போகலாம். 2020 ஏப்ரலில், வெஸ்டேர்ன் டிஜிற்றல் தனது 'ரெட்' தட்டுகளில் 2 முதல் 6 டெராபைற் வரையான சிலவற்றில் இந்த முறையை வெளியே சொல்லாமல் பயன்படுத்தியது தெரியவந்து பெரிய சர்ச்சையானது. 'பிளஸ்' என்ற பெயர் அதன் பிறகு வந்ததுதான். ஆகவே 'சி.எம்.ஆர்.' முறைத் தட்டுதானா என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் மாதிரி இலக்கத்தை எழுதி வந்து தயாரிப்பாளரின் பட்டியலில் பார்க்கலாம். நான் மூன்று கடைகளில் இலக்கம் எழுதி வந்தேன்.

பெட்டிக்கும் தட்டுக்கும் பொருத்தம் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். 2025 ஏப்ரலில் சினோலொஜி நிறுவனம் தனது புதிய 'பிளஸ்' வகைப் பெட்டிகளுக்குத் தான் அங்கீகரித்த தட்டுகளையே போட வேண்டும் என்றது. வாங்குபவர்களின் எதிர்ப்புக்குப் பின்னர் அதே ஆண்டு ஒக்டோபரில் அதைத் தளர்த்தியது. இப்படி மாறிக்கொண்டே இருப்பதால் வாங்கும் நாளில் அந்த மாதிரிக்கான பட்டியலைப் பாருங்கள்.

நான் இரண்டு தட்டுகள் கொள்ளும் பெட்டியும் 4 டெராபைற் தட்டுகள் இரண்டும் எடுத்தேன். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படுவதால் பாவிக்கக் கிடைப்பது 4 டெராபைற்தான், 8 அல்ல. இரண்டையும் வெவ்வேறு கடைகளில் வாங்கினேன். ஒரே நாளில் ஒரே தொகுதியில் செய்தவற்றில் ஒரு குறை இருந்தால் இரண்டும் அடுத்தடுத்துப் போகலாம் என்ற பயம். உத்தரவாதம் மூன்று வருடம், இலங்கை முகவருடையது. உத்தரவாதம் புதிய தட்டைத் தரும், உள்ளே இருந்ததைத் தராது. இலட்சக்கணக்கான தட்டுகளை ஓடவிட்டுக் கணக்கு வெளியிடும் அமெரிக்காவின் பேக்பிளேஸ் நிறுவனத்தில் 2024இல் 100 தட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை என்ற வீதத்தில் பழுதாகின. குறைவுதான். என் ஒற்றைத் தட்டும் அந்த ஒன்றரைக்குள் ஒன்றாக இருந்தது. புதிய தட்டுகளைச் செருகியதும் பெட்டியிலேயே முழுச் சோதனை ஒன்றை ஓடவிட்டு, அது முடியும்வரை எதையும் போடவில்லை. பல மணித்தியாலம் எடுத்தது.

நம்ப முடியாத மலிவு விலைக்கு 16 டெராபைற் என்று இணையத்தில் விற்கும் சிறிய கருவிகளை வாங்கி ஏமாறாதீர்கள். உள்ளே சிறிய நினைவகமே இருக்கும். பெரியது என்று கணனிக்குப் பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். கொஞ்சம் நிரம்பியதும் பழையவை மேல் எழுதத் தொடங்கும். படங்களின் பெயர் இருக்கும், படம் திறக்காது.

மின்சாரம் எமது ஊரில் தனிக்கதை. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டிய காலம் மறந்துபோகவில்லை. இப்போதும் காற்றடித்தால் மரம் கம்பியில் விழும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்புகள் கெடலாம். சிறிய யு.பி.எஸ். ஒன்றைப் பெட்டியோடு கேபிளால் இணைத்து வைத்தால், மின்சாரம் போனதும் பெட்டி தானாக ஒழுங்காக நின்றுவிடும். இடி முழங்கத் தொடங்கினால் நான் அதையும் ரவுட்டரையும் சுவரிலிருந்து கழற்றிவிடுவேன். இரண்டு தட்டுகளோடு பெட்டி 15 முதல் 20 வாற்ஸ் வரை எடுக்கும். இரவு பகலாக ஓடினால் மாதத்துக்கு 11 முதல் 14 அலகு. உங்கள் பட்டியல் 30 அலகு, 60 அலகு எல்லைக்குக் கிட்ட இருந்தால் இது அடுத்த படிக்குத் தள்ளிவிடும். இரவில் நிற்கும்படி நேரம் குறிக்கலாம். விறகடுப்புப் புகை படும் இடத்திலும், ஈரச் சுவரோடு ஒட்டியும், காற்றுப் புகாத அலுமாரிக்குள்ளும் வைக்க வேண்டாம்.

வெளியூரிலிருந்தும் பெட்டியைத் திறந்து பார்க்கும் வசதி உண்டு என்று விளம்பரங்கள் சொல்கின்றன. நான் அதை இயக்கவில்லை. 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்ற வைரஸ், இணையத்துக்குத் திறந்திருந்த கியூநாப் பெட்டிகளை உலகெங்கும் பூட்டிக் கப்பம் கேட்டது. வீட்டுக்குள் மட்டும் இயங்கினால் எனக்குப் போதும்.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, தனிக் கடவுச்சொல் என்று வைத்தேன். தம்பிக்கு அது பிடிக்கவில்லை. "எல்லாம் நம்ம வீட்டு ஆக்கள்தானே அக்கா" என்றான். வீட்டு ஆட்கள் பார்க்கக் கூடாத எத்தனையோ விடயங்களைப் பெண்கள் எம்மிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுடைய கோப்புறை என்னைத் தவிர எவருக்கும் திறக்காது. அதைப் பெட்டியில் போடுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் போய் மறுபடி கேட்டேன். வைத்திருக்கலாமா, யார் பார்க்கலாம், எனக்கு ஏதும் நடந்தால் யாரிடம் கொடுக்க வேண்டும் என்று. ஒன்பது பேர் வைக்கச் சொன்னார்கள். இருவர், "அழிச்சிருங்க மிஸ்" என்றார்கள். அழித்தேன். பெட்டியில் அழித்தால் மட்டும் போதாது, வவுனியாத் தட்டிலும் அழிக்க வேண்டும், அதற்கு முந்திய தட்டிலும் அழிக்க வேண்டும். பிரதிகள் பெருகப் பெருக அழிப்பதும் ஒரு வேலையாகிவிடுகிறது என்பதை யாரும் எனக்கு முன்னரே சொல்லவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. எமது வீட்டில் பல நாட்கள் மின்சாரமில்லை, தொலைபேசியில்லை. பெட்டி இருட்டில் சும்மா இருந்தது. மேட்டுப் பக்கத்தில் மண் வெடித்திருக்கிறது என்று சொல்லி எங்களைக் கோவிலுக்கு அனுப்பினார்கள். அம்மாவையும் மருந்துகளையும் அடையாள அட்டைகளையும் எடுத்துக்கொண்டு நடந்தோம். பெட்டியைத் தூக்கவில்லை. வவுனியாவில் ஒன்று இருக்கிறது என்ற நினைப்பில்தான் அதை விட்டுவிட்டு என்னால் நடக்க முடிந்தது.

வவுனியாச் சகோதரிக்கு என் பதில் இதுதான். முதலில் இரண்டு சிறிய தட்டுகள் வாங்குங்கள், இரண்டாவதை வைக்க வேறு ஊரில் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் செருகி, பத்துக் கோப்புகளையாவது திறந்து பாருங்கள். அசல் கடதாசிகளை எறிந்துவிட வேண்டாம், அலுவலகங்களில் இன்னும் அசலைத்தான் கேட்கிறார்கள். அசலை லெமினேட் செய்யவும் வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. வீடியோவும் தொலைபேசிகளும் பெருகி, கையில் காசும் சேர்ந்த பிறகு பெட்டியைப் பற்றி யோசிக்கலாம்.

சூறாவளிக்குப் பிறகு அக்கா ஒருநாள் வீட்டுக்கு வந்தார். மகனின் படத்தை நல்ல தாளில் மூன்று பிரதி எடுத்து வைத்திருந்தேன். வாங்கிக்கொண்டு, பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றார். காட்டினேன். முன்னால் எரியும் இரண்டு பச்சை விளக்குகளையும் பார்த்துவிட்டு, "எதில இருக்கிறான்?" என்று கேட்டார். இரண்டிலும் என்றேன். வவுனியாவிலுமா என்று கேட்டார். ஆம் என்றேன். தேத்தண்ணீர் குடித்துவிட்டு நான்கு மணி பஸ்ஸுக்குப் புறப்பட்டார். அடுத்த முறை தட்டு மாற்ற வவுனியாவுக்குப் போகும்போது தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்படியே கிளிநொச்சிக்கும் போய்ப் பழைய வளவைப் பார்த்து வர வேண்டுமாம்.